ஓடையைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்

1934ஆம் ஆண்டு இலங்கையில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எந்தக் காலத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்பப்பட்ட ஆறுகள் மெலிந்தன. மா ஓயா, தெதுறு ஓயா போன்றவற்றின் படுகையில் மணலும் பாறையும் வெளியே தெரிந்தன. இடையிடையே குட்டைகள் மட்டும் எஞ்சின. தெளிந்த நீர், நல்ல வெயில், அசைவே இல்லாத மேற்பரப்பு. அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்புக்கு முட்டையிட இதைவிட வாய்த்த இடம் கிடையாது. ஆண்டின் கடைசி மாதங்களில் கேகாலை, குருநாகல் பக்கங்களில் கிளம்பிய மலேரியா, அடுத்த ஆண்டு தணிவதற்குள் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனது.

கேகாலை உள்ளிட்ட சப்பிரகமுவ மண்ணில் ஒரு நன்னீர்ப் பூச்சியைப் பற்றிய அறிவு உயிர்ப் பிரச்சினையான காலம் அது. அந்த அறிவு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே திரளத் தொடங்கியிருந்தது. எச். எப். கார்ட்டர் என்ற பூச்சியியலாளர் 1920களில் இந்த வேலையில் இறங்கினார். ரொக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த ஜேகொக்ஸும் அவரோடு சேர்ந்துகொண்டார். பிடித்த நுளம்புகளை ஒவ்வொன்றாக அறுத்து, இரைப்பைச் சுவரிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் தேடுவதுதான் வேலை. பொறுமையைச் சோதிக்கும் வேலை. இலங்கையில் அனோபிலிஸ் நுளம்பு ஒன்றிரண்டு வகையில்லை. அவற்றுள் நோயைச் சுமக்கும் முக்கிய இனம் குலிசிபேசிஸ் என்பது அந்த மேசையில்தான் தெளிவானது.

மழை பெய்தால் நுளம்பு பெருகும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஈர வலயத்தில் இந்த நுளம்பின் கதை தலைகீழ். ஆறு ஓடிக்கொண்டிருக்கும் வரை அதன் குடம்பிகளால் நிலைகொள்ள முடியாது. வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். மழை நின்று ஆறு அறுந்து குட்டைகளாகும்போதுதான் அதற்குக் காலம் பிறக்கிறது. உலர் வலயத்து மக்களுக்கு மலேரியா ஆண்டுதோறும் வந்துபோகும் நோய். பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. கேகாலை மக்களுக்கு அந்த எதிர்ப்பு இல்லை. ஓடும் ஆறுதான் அவர்களுக்குக் காவலாக இருந்தது. அந்தக் காவல் ஒரே பருவத்தில் விலகியது.

காரணம் தெரிந்ததால் பரிகாரமும் ஆற்றுப் படுகையிலேயே தேடப்பட்டது. குட்டைகளில் எண்ணெய் தெளித்தார்கள். வாய்க்கால் வெட்டி அவற்றை வடித்தார்கள். தோட்டங்களில் ஓடையை மேலே மறித்துச் சிறிது நீரைத் தேக்கி, திடீரென்று திறந்துவிட்டு, கீழே குட்டைகளில் இருந்த குடம்பிகளை அடித்துச் செல்ல வைக்கும் முறையும் கையாளப்பட்டது. பூச்சியின் இயல்பை அறிந்து, நீரின் வேகத்தையே மருந்தாக்கிய முறை அது. பிறகு டி.டி.ரி. வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகள் மட்டுமே என்ற நிலை வந்தது. கண்காணிப்புத் தளர்ந்ததும் அதே தசாப்தத்தின் இறுதியில் நோய் இலட்சக்கணக்கில் திரும்பியது. உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளிக்க 2016 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் நடந்த ஒன்றை மறக்கக்கூடாது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி நீர் வடக்கே திருப்பப்பட்டது. அணைக்குக் கீழே ஆறு மெலிந்து பாறைக் குட்டைகள் தோன்றின. முன்பு மலேரியா பெரிதாகத் தலைகாட்டாத கண்டிப் பக்கத்தில், 1980களில் நோய் வந்தது. வானம் 1934இல் செய்ததை இம்முறை அணை செய்தது. கார்ட்டர் காலத்து அறிவு ஏட்டில் இருந்தும், ஆற்றைத் திருப்பிய திட்டக்காரர்களின் மேசைக்கு அது போய்ச் சேரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தோன்றுவது இது. ஓடையில் என்ன உயிர் இருக்கிறது என்பதை வழிப்போக்கர்கூடச் சொல்லிவிடலாம். அது எப்போது பெருகும், எதனால் குறையும், மழை தவறினால் என்னவாகும் என்பதை அதே இடத்தை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பார்த்தவரே சொல்ல முடியும். சப்பிரகமுவ ஓடைகளுக்கு வழிப்போக்கர்கள் நிறையவே வந்தார்கள், அதுவும் பெரிய திறமைசாலிகள். தங்கிப் பார்த்தவர்கள்தான் குறைவு.

வழிப்போக்கர்களின் கொடையைக் குறைத்துச் சொல்லவில்லை. இலங்கைத் தும்பிகள் அறிவியலுக்கு அறிமுகமானதே தோட்டங்கள் வழியாகத்தான். றம்பொடையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஜெர்மானியரான நியெட்னர், காப்பிச் செடியைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி 1861இல் நூல் எழுதியவர். அவர் பிடித்து அனுப்பிய தும்பிகளைக் கொண்டு ஐரோப்பாவில் ஹாகன் என்ற அறிஞர் 1850களின் இறுதியில் இலங்கைப் பட்டியலை எழுதினார். பின்னர் பிரித்தானியரான கேர்பி 1894இல் இன்னொரு பட்டியல் வெளியிட்டார். தோட்டத் துரையாக இருந்து அரச பூச்சியியலாளரான ஈ. ஈ. கிரீனின் பெயர் இன்றும் ஒரு குட்டி ஊசித்தும்பியின் இனப்பெயரில் நிற்கிறது. நியெட்னரின் பெயர் இன்னொன்றில். இராணுவ மருத்துவராக இருந்த பிரேசர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய இந்தியத் துணைக்கண்டத் தும்பி நூல் இன்றும் மேசையில் விரித்து வைக்கப்படுவது. ஓடைக்கு வழிகாட்டியவர், வலையைத் தூக்கிச் சென்றவர், புட்டியைச் சுமந்தவர் பெயர்கள் எந்த இனப்பெயரிலும் ஏறவில்லை. காப்பிக் காலத்துத் தோட்டங்களில் உடல் உழைப்பு யாருடையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பெர் பிரிங்க், ஹியூகோ அண்டர்சன், லெனார்ட் செடர்ஹோல்ம் ஆகிய மூவர் வந்தார்கள். தீவு முழுவதும் சுற்றிச் சேகரித்தார்கள். இரத்தினபுரிக்கு அருகே குருவிட்டப் பக்கமும் அவர்களின் இடப்பட்டியலில் உண்டு. அந்தச் சேகரிப்பைப் பிரித்து அறிக்கை எழுத உலகெங்கும் உள்ள நிபுணர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நம் மலைகளில் வாழும் நன்னீர் நண்டுகளின் ஒரு சாதிக்கு ‘பெர்பிரிங்கியா’ என்று பெயர் வந்தது அந்தப் பெர் பிரிங்கினால்தான். 2005இல் தொகுத்த கணக்குப்படி இலங்கையின் நன்னீர் நண்டுகள் 51 இனம். ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் இந்தத் தீவுக்கு வெளியே கிடையாது.

1970இல் வியன்னாப் பல்கலைக்கழகத்து ஸ்டார்முல்னரும் களனி வித்தியாலங்காரப் பல்கலைக்கழகத்து எச். எச். கொஸ்டாவும் சேர்ந்து நடத்திய ஒஸ்திரிய–இலங்கை நீருயிரியல் பயணம் இன்னும் நேராக நம் விடயத்துக்கு வருகிறது. மத்திய மலைகளிலும் தென்மேற்கிலும் ஓடும் மலை ஓடைகளே அதன் நோக்கம். நீரின் வெப்பம், வேகம், கரைந்துள்ள உப்புகள், அடியில் கல்லா மணலா என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு, அங்கங்கே என்ன உயிர் இருந்தது என்று சேகரித்தார்கள். அதற்கு முன், 1958இல், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பெர்னாண்ட் ஷ்மித் இலங்கையின் கூடுகட்டும் நீர்ப்பூச்சிகளைப் பற்றித் தனி நூலளவுக்கு எழுதியிருந்தார். இலங்கையரான சி. எச். பெர்னாண்டோ, மெண்டிஸுடன் சேர்ந்து 1962இல் நன்னீர் உயிர்களுக்கான கைநூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் கனடாவின் வோட்டர்லூவில் பேராசிரியராக இருந்துகொண்டு 1984இல் இலங்கையின் சூழலியல் குறித்த பெருந்தொகுப்பைப் பதிப்பித்தார். பெயரும் இடமும் இவ்வாறு நிரம்பின.

தங்கிப் பார்த்தவர் என்று சொல்ல ஒரு தாவரவியலாளர் உண்டு. ஜே. சி. வில்லிஸ் 1896 முதல் 1912 வரை பேராதனைப் பூங்காவின் இயக்குநர். அவருக்கு வாய்த்த பொருள் விசித்திரமானது. மகாவலியின் பாறைச் சரிவுகளில், நீர் மிக வேகமாகப் பாயும் இடத்தில் மட்டும் ஒட்டி வளரும் பூச்செடிக் குடும்பம் ஒன்று, அறிவியலில் பொடோஸ்டெமேசியே. பார்த்தால் பாசி என்றோ ஈரல்பாசி என்றோ நினைப்போம். தண்டும் இலையும் வேரும் எது எது என்று பிரிக்க முடியாத தட்டையான உடல் பாறையில் படிந்திருக்கும். ஆண்டின் பெரும்பகுதி நீருக்கடியில். மழை குறைந்து நீர்மட்டம் இறங்கிப் பாறை வெளியே வரும் சில வாரங்களில் அவசரமாகப் பூத்து, காய்த்து, காய்ந்து போகும். மீண்டும் வெள்ளம் வரும்போது விதையின் பசை பாறையில் பிடித்துக்கொள்ளும்.

ஒரு பயணி வந்து போனால் ஒன்று பாசியைப் பார்ப்பான், அல்லது காய்ந்த தடத்தைப் பார்ப்பான். வில்லிஸ் பேராதனையிலேயே இருந்ததால் முழு வாழ்க்கையையும் பார்த்தார். 1902இல் அவர் வெளியிட்ட ஆய்வு இந்தக் குடும்பத்தைப் பற்றி அதுவரை வந்தவற்றில் தலையாயது. அதோடு அவர் நிற்கவில்லை. ஒரே பாறை, ஒரே நீர், ஒரே வேகம். இருந்தும் இத்தனை வடிவங்கள் ஏன்? சூழலுக்கு ஏற்பத் தேர்வு நடந்து இனங்கள் உருவாகின என்ற விளக்கம் இங்கே போதுமா என்ற கேள்வி அவரை விடவில்லை. இலங்கைத் தாவரங்களின் பரவலையும் ஆதாரமாகக் கொண்டு 1922இல் ‘வயதும் பரப்பும்’ என்ற பொருள்படும் நூலை எழுதினார். ஓர் இனம் எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்பது அதன் வயதைப் பொறுத்தது என்ற அவருடைய கோட்பாட்டை உலகம் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஆனால் வீட்டுக்கு அருகில் இருந்த ஆற்றுப்பாறையிலிருந்து கூர்ப்புக் கோட்பாட்டையே கேள்வி கேட்கும் அளவுக்கு ஒருவர் போக முடிந்தது என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனிச் சப்பிரகமுவவின் கஹவத்தைக்கு வருவோம். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிப் போகும் ஏ18 வீதியில் இருக்கும் இந்தச் சிறு நகரைச் சுற்றித் தேயிலை மலையும் இறப்பர் மலையும் மாணிக்கக் கல் தோண்டும் வயல்களும் கலந்து கிடக்கின்றன. பெல்மதுளைப் பக்கம் இறங்கும் நீர் வே கங்கையில் சேர்ந்து களு கங்கையாகி மேற்கே களுத்துறையில் கடல் சேரும். இறக்குவானை, கொடகவெலப் பக்கம் இறங்கும் நீர் வளவையாகி உலர் வலயத்தைத் தாண்டித் தெற்கே போகும். பக்கத்துப் பக்கத்து மலைகளில் விழும் மழை இரண்டு வேறு ஆற்று உலகங்களுக்குப் பிரிகிறது. நன்னீர் உயிர்களுக்கு இது சிறிய விடயமில்லை. பறக்கத் தெரிந்த தும்பிக்கே ஈரக்காடு இல்லாத முகடு ஒரு தடை. நீரைவிட்டு வெளியேற முடியாத மீனுக்கு ஒரு மேடு போதும், உறவு அறுந்துபோக.

இறக்குவானைக்கு மேலே சூரியகந்தை, மோர்னிங்சைட் என்று சிங்கராஜ வனத்தின் கிழக்கு ஓரம் தொடங்குகிறது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையான அந்த வனத்தில் ஆய்வு நிறையவே நடக்கிறது. ஆழ்ந்த நிழலும் ஊற்றும் உள்ள இடத்தில் மட்டுமே வாழும் மெல்லிய ஊசித்தும்பிக் குடும்பம் ஒன்று இலங்கையில் உண்டு. அதில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள். அத்தனையும் இந்தத் தீவுக்கு மட்டுமே உரியவை. சுலோவேனியாவின் பெட்யானிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் மரபணு ஒப்பீட்டோடு அவற்றின் உறவை எழுதினார்கள். அவற்றில் பல, ஒன்றிரண்டு மலைத்தொடர்களைத் தவிர வேறெங்கும் கிடைக்காதவை. வில்லிஸ் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பட்டியலை ஆசையோடு வாசித்திருப்பார்.

காட்டுக்குள் பிறந்த ஓடை காட்டோடு முடிவதில்லை. எல்லைக் கல்லைத் தாண்டித் தேயிலைக்குள் இறங்குகிறது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் பீலியாகி ஆட்களைக் குளிப்பாட்டுகிறது, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குக் கீழே போகிறது, கல் குழிகளின் கலங்கலை வாங்கிக்கொள்கிறது, வயலுக்குப் பாய்கிறது. மேலே சிங்கராஜத்தில் ஒரு ஊசித்தும்பிக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்காவது, அதே நீரில் குடம் நிரப்பும் இடத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை.

பெப்ரவரி மாதத்து வெயில் நாளொன்றில், ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில் இறங்கி, இரு கை கொள்ளும் அளவு கல் ஒன்றைத் தூக்கித் திருப்புங்கள். முதலில் எதுவும் தெரியாது. கல்லின் நிறமே எல்லாவற்றின் நிறமும். சில விநாடி கழித்து ஒரு தட்டையான பூச்சி பக்கவாட்டில் வழுக்கி நிழல் பக்கத்துக்குப் போகும். கண் இரண்டும் தலையின் மேற்புறத்தில், வாலில் மூன்று இழை, வயிற்றின் இருபுறமும் இலையிலையாகப் பூக்கள், அதாவது செவுள்கள். இது ஒருநாள் பூச்சியின் அணங்கு. வேகமான நீர் தன்மேல் வழிந்துபோகும்படி உடலைக் கல்லோடு ஒட்டி வைத்திருக்கிறது. சிறகு முளைத்து மேலே வந்தபின் இதற்கு உண்ண வாய் இல்லை. இணைந்து முட்டையிட்டு ஓரிரு நாளுக்குள் முடிந்துவிடும். இதன் வாழ்க்கை என்பது நீருக்குள் இருக்கும் மாதங்கள்தான்.

அதே கல்லின் குழிவில் மணலும் பட்டுநூலும் சேர்த்துக் கட்டிய சிறு கூடு இருக்கும். அதன் வாயில் ஒரு வலை. ஓட்டத்தை நோக்கி விரித்து, மிதந்து வரும் துகள்களை வடித்து உண்ணும் புழு அது. ஷ்மித் எழுதியது இவற்றைப் பற்றித்தான். இன்னும் உற்றுப் பார்த்தால் பழைய செப்புக்காசு போல ஒன்று ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால்தான் அது உயிருள்ள வண்டின் குடம்பி என்று தெரியும். கல்லுக்கு அடியில் கறுத்த, தடித்த கால்களோடு ஊர்வது ஊசித்தும்பி அணங்கு. மினுங்கும் கரிய சிறகோடு பாறைமேல் அமரும் யூபேயா ஸ்பிளெண்டென்ஸ் என்ற நம் நாட்டுக்கே உரிய ஊசித்தும்பியின் பிள்ளைப் பருவமாக இருக்கலாம்; வயிற்றின் பக்கங்களிலும் பூக்கள் இருந்தால் அந்தக் குடும்பம்தான்.

இவை ஒவ்வொன்றும் ஒரு செய்தி. தட்டை அணங்குக்கு ஒட்சிசன் நிறைந்த நீரும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடமும் வேண்டும். வலை கட்டும் புழு ஓரளவு அழுக்கைத் தாங்கும். சிவந்த நுண்புழுவும் மண்புழுச் சாதியும் மட்டுமே மிஞ்சினால் அந்த நீர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். இந்த இயல்பைக் கொண்டு 1970களின் இறுதியில் பிரித்தானியாவில் ஒரு மதிப்பெண் முறை அமைத்தார்கள். இனம்வரை போக வேண்டியதில்லை. குடும்பம் தெரிந்தால் போதும். தட்டை அணங்கின் குடும்பத்துக்கு 10, வலை கட்டும் குடும்பத்துக்கு 5, நீந்தும் சிறு அணங்குக் குடும்பத்துக்கு 4, நுண்புழுக் குடும்பத்துக்கு 2, மண்புழுக் கூட்டத்துக்கு 1. இந்த ஐந்தும் கிடைத்தால் கூட்டுத்தொகை 22. ஐந்தால் வகுத்தால் சராசரி 4.4. மேலே காட்டோரத்தில் எடுத்த சராசரியையும் ஸ்டோருக்குக் கீழே எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓடைக்கு இடையில் என்ன நடந்தது என்பது புரியத் தொடங்கும். குளிர்நாட்டுக் குடும்பங்களுக்கு இட்ட மதிப்பெண்ணை அப்படியே எடுத்து வைக்க முடியாது. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதைத் தன் ஆறுகளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. நாமும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு நம் ஓடைகளின் நீண்ட காலக் குறிப்பு வேண்டும்.

நீரை ஒரு போத்தலில் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தால் ஆகாதா என்று கேட்கலாம். மலையில் புல்லுக்கு மருந்தடித்த மறுநாள் மாலை மழை கொட்டினால், மருந்து கான் வழியாக ஓடையில் இறங்கிச் சில மணித்தியாலத்தில் கீழே போய்விடும். போத்தல் அடுத்த வாரம் வந்தால் அதற்கு எதுவும் தெரியாது. கல்லுக்கடியில் மாதக்கணக்கில் குடியிருக்கும் அணங்கு அந்த மாலையில் அங்கே இருந்தது. அது செத்துப்போயிருந்தால் அடுத்த வாரமும் அதன் இடம் காலியாகவே இருக்கும்.

அண்மைக் காலத்தில் தோட்டங்களில் நடந்ததை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2015இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. 2021இல் இரசாயன உரமும் மருந்தும் ஒரேயடியாக நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை விலக்கப்பட்டது. ஒரு விஞ்ஞானி கேட்டாலும் எந்த அரசும் செய்து கொடுக்காத பரிசோதனை இது: நாடு முழுவதும் ஒரே நாளில் மருந்தை நிறுத்தி, மீண்டும் ஒரே நாளில் தொடங்குவது. ஒரு தோட்ட ஓடையில் 2010 முதல் மாதந்தோறும் கல்லைப் புரட்டிக் கணக்கு வைத்திருந்தால், மருந்து நீருக்கு என்ன செய்கிறது என்ற சண்டைக்கு இரத்தினபுரியிலிருந்தே பதில் சொல்லியிருக்கலாம். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நாட்டுக் கிளை இரத்தினபுரியில் சென் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கிறது. பெலிகுல்ஓயாவில் 1995 முதல் சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இடமும் ஆளும் தொலைவில் இல்லை.

கல் குழிகளின் பிரச்சினை வேறு மாதிரியானது. இல்லம் என்ற மாணிக்கப் படையை எடுத்துக் கூடையில் போட்டு அலசும்போது களி பிரிந்து நீரோடு போகிறது. குழியிலிருந்து இறைக்கும் நீரும் ஓடைக்கே வருகிறது. அந்த மென்மண் நஞ்சில்லை. ஆனால் அது படுகையில் கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை அடைத்துவிடும். தட்டை அணங்குக்கு வீடில்லை. வலை கட்டியதன் வலையில் சேறு. கல்லில் படர்ந்திருந்த உணவுப்படலம் மூடிப்போகும். நீர்ச் சோதனையில் இரசாயனம் எல்லாம் சரியாகவே வரும், ஓடை மட்டும் வெறிச்சென்றிருக்கும். குழி தோண்ட உரிமம் கொடுக்கும்போது குழியை மூடிச் சமப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. மூடாமல் விட்ட குழியில் மழைநீர் நின்றால் நுளம்புக்கு இடமாகும். எலஹெரவின் மாணிக்க வயல்களில் மலேரியா பெருகியதற்கு அந்தக் குழிகளும் ஒரு காரணம்.

சிறு நீர்மின் திட்டங்களும் இதில் சேரும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் செங்குத்தான ஓடைகளில் இவை பல இருக்கின்றன. மேலே நீரைக் குழாயில் எடுத்து, சில நூறு மீற்றருக்குக் கீழே சுழலி வழியாக மீண்டும் ஆற்றில் விடுகிறார்கள். நீர் தொலைந்துபோகவில்லை, உண்மை. இடைப்பட்ட துண்டில் வரட்சிக் காலத்தில் ஓட்டம் அறுந்து பாறைக் குட்டைகள் தோன்றினால், அது 1934இன் மா ஓயாவும் 1980களின் மகாவலியும் ஒரு சிறு அளவில் திரும்ப வந்ததுதான். ஒட்டுண்ணி இன்று நாட்டில் இல்லை, நுளம்பு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நோயோடு வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அந்தத் துண்டுகளில் குடம்பி இருக்கிறதா என்று ஆண்டுக்கு இருமுறையாவது பார்ப்பது திட்டச் செலவில் தூசு.

ஓடையோரத் தாவரத்தைச் சொல்லாமல் விட முடியாது. களு கங்கைப் பக்கத்து ஓடைக்கரைகளில் நீண்ட தடித்த இலைகளோடு அடர்ந்து நிற்பது லாகெனாண்ட்ரா. சிங்களவர் கெட்டல என்பார்கள். வெள்ளம் முழுதாக மூடினாலும் கிழியாத இலை, சேற்றுக்குள் படுத்தோடும் தண்டு. கரையைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அதுதான். அதன் நெருங்கிய உறவான கிரிப்டோகொரைன் நீருக்குள்ளேயே வளர்வது. அதன் பூவின் அடிப்பாகம் மூடிய சிறு அறை. மணத்தால் ஈர்க்கப்பட்டுக் குழாய் வழியே இறங்கும் நுண்ணிய ஈக்கள் உள்ளே சிறைப்பட்டு, மகரந்தம் உதிர்ந்தபின் விடுபடும். நீர்த்தாவரத்தின் விதை ஓர் ஈயின் வருகையைப் பொறுத்திருக்கிறது.

இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளரும் கிரிப்டோகொரைன் இனங்கள் பல. அவற்றில் பெக்கெட்டி, வெண்டி என்ற இரண்டும் இன்று உலகமெங்கும் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும். முதலாவதற்குப் பெயர் தந்த நெய்லர் பெக்கெட் இங்கே தோட்டம் நடத்தி, பின்னர் நியூசிலாந்துக்குப் போய்ப் பாசி ஆய்வில் பேர் பெற்றவர். இரண்டாவது ஜெர்மானிய மீன்தொட்டி ஆர்வலர் வெண்டின் பெயரில் உள்ளது. யாரோ கொட்டிய தொட்டியிலிருந்து தப்பிய பெக்கெட்டி, டெக்சாசின் சான் மார்கொஸ் ஆற்றில் 1990களில் பெருகி, அதைப் பிடுங்குவதற்கே அங்கே பணம் செலவிட்டார்கள். அதே சாதியைச் சேர்ந்த பொக்னெரி போன்றவை நம் தென்மேற்கு ஈர வலயத்தில் விரலளவு இடங்களில் ஒட்டிக்கொண்டு அழிவின் விளிம்பில் நிற்கின்றன. ஒரு சிற்றோடையில் களி இறங்கினாலோ கரை மரம் வெட்டப்பட்டு நிழல் போனாலோ ஒரு முழு இனத்தின் பெரும்பங்கு போய்விடலாம்.

ஒரே ஓடையைத் தொடர்ந்து பார்க்கும் இந்த வேலையை யார் செய்வது? மதுரையில் கே. ஜி. சிவராமகிருஷ்ணன் என்ற கல்லூரி ஆசிரியர் செய்து காட்டியிருக்கிறார். விலங்கியல் கற்பித்துக்கொண்டே மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் ஒருநாள் பூச்சிகளை ஆராய்ந்தார். புளோரிடாவின் வில்லியம் பீற்றர்ஸுடன் சேர்ந்து புதிய இனங்களை விவரித்தார். காவிரியிலும் அதன் கிளைகளிலும் அடிநிலை உயிர்கள் எவ்வாறு மாறுகின்றன என்று எழுதினார். கே. ஏ. சுப்பிரமணியனோடு சேர்ந்து அவர் தயாரித்து 2007இல் பெங்களூரில் வெளியான நீர்ப்பூச்சிக் கைநூல், ஆசிரியரும் மாணவரும் ஓடைக்கு எடுத்துச் செல்லும்படி அமைந்தது. பெரிய நிறுவனத்தின் பின்பலத்தைவிட, கோடை விடுமுறையில் போன ஓடைக்கே அடுத்த கோடையிலும் போகும் ஒழுங்குதான் அங்கே வேலை செய்தது.

சப்பிரகமுவவில் தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானம் படிக்கக்கூடிய பாடசாலைகள் மிகச் சில. அந்தச் சிலவற்றில் ஒன்றின் உயிரியல் ஆசிரியரும் ஒரு வகுப்பும் போதும். மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும்: காட்டோரம், லயத்துக்குக் கீழ், கல் குழிகளுக்குக் கீழ். அரை மில்லிமீற்றர்க் கண்ணுள்ள வலையைக் கீழே பிடித்து, மேலே மூன்று நிமிடம் காலால் படுகையைக் கிளற வேண்டும். வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, குடும்பவாரியாகப் பிரித்து எண்ண வேண்டும். ஒவ்வொன்றிலும் சிலவற்றை எழுபது வீத அற்ககோலில் போட்டு, தேதியும் இடமும் பென்சிலால் எழுதிய சீட்டைப் போத்தலுக்குள்ளேயே இட வேண்டும். பேனை மை கரைந்துவிடும். குடும்பங்களை அடையாளம் காணப் படத்தோடு கூடிய ஒரு தமிழ்க் கைநூலை முதலாண்டின் சேகரிப்பைக் கொண்டே தயாரிக்கலாம். மாதிரிகள் கொழும்பு தேசிய நூதனசாலையில் பதிவாக வேண்டும், பிடித்த மாணவரின் பெயரோடு. கஹவத்தையில் தொடங்குவதானால் முதல் வலையைப் பெப்ரவரியிலோ மார்ச்சின் முதல் பாதியிலோ போடுவது நல்லது. மே மாதம் மழை பிடித்துவிட்டால் ஓடையில் கால் வைக்க முடியாது.